இன்ஸ்பிரேஷன்: இதே மாதிரியா, இது மாதிரியா?

காரைக்குடிப் பக்கம் இப்போது எதை எடுத்தாலும் 'செட்டிநாடு இன்ஸ்பயர்டு' என்று எழுதிவிடுகிறார்கள். காபிக் கடைச் சுவர், கல்யாணப் பத்திரிகை, செல்போன் உறை, குளியலறை வால்பேப்பர் என்று எல்லாவற்றிலும் ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூவோ கண்டாங்கிச் சேலையின் கட்டமோ எட்டிப் பார்க்கிறது. படம் வரைகிறவர்களிடமும் டிசைன் செய்கிறவர்களிடமும் பேட்டி எடுத்தால் 'உங்கள் இன்ஸ்பிரேஷன் என்ன?' என்ற கேள்வி கட்டாயம் உண்டு. இவ்வளவு புழங்குகிற சொல்லுக்குத் தமிழில் என்ன என்று பார்க்கப் போனால் ஒன்றல்ல, ஏழெட்டுச் சொற்கள் வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு வேலை செய்கிறது.

முதலில் வேர். லத்தீனில் 'இன்' என்றால் உள்ளே, 'ஸ்பிராரே' என்றால் மூச்சுவிடுதல். உள்ளே மூச்சை ஊதுவதுதான் இன்ஸ்பிரேஷன். ஆவியைக் குறிக்கும் 'ஸ்பிரிட்', மருத்துவர்கள் சொல்லும் 'ரெஸ்பிரேஷன்', மாத்திரை அட்டையில் இருக்கும் 'எக்ஸ்பைரி' எல்லாம் அதே குடும்பம். ஆங்கிலத்துக்கு இது பிரெஞ்சு வழியாக வந்தபோது மத வட்டாரச் சொல்லாகத்தான் வந்தது: கடவுள் மனிதனுக்குள் ஊதுகிறார், அவன் பேசுகிறான், எழுதுகிறான். கவிஞருக்கும் ஓவியருக்கும் வரும் 'திடீர் யோசனை' என்ற பொருள் அப்புறம் சேர்ந்தது. தமிழ் விவிலியத்தில் வேத வாக்கியங்கள் 'தேவ ஆவியினால் அருளப்பட்டவை' என்று வரும் இடத்தில், லத்தீன் மொழிபெயர்ப்பில் இருப்பது இந்த வேர்ச்சொல்தான்.

அப்படியானால் மூலப்பொருளுக்கு மிக நெருக்கமான தமிழ் வழக்கு 'அருள் வருவது'. திருவிழாவில் ஒருவருக்குச் சாமி வந்தால் பேசுவது அவரல்ல, அவருக்குள் வந்தது. இலங்கைத் தமிழ் எழுத்தில் இன்ஸ்பிரேஷனுக்கு 'அருட்டுணர்வு' என்று ஒரு சொல் உண்டு. அழகான சொல், தமிழ்நாட்டில் அதிகம் புழங்கவில்லை. ஆனால் சுவருக்கு வால்பேப்பர் டிசைன் செய்கிறவருக்கு அருள் வந்தது என்று எழுதினால் வாசகர் வேப்பிலையைத் தேடுவார்.

நம் பத்திரிகைகள் அதிகம் எழுதுவது 'உத்வேகம்'. இந்தச் சொல்லின் கதை கொஞ்சம் வேடிக்கை. சமஸ்கிருதத்தில் உத்வேகம் என்றால் மனக்கலக்கம், பதற்றம். பிறரைக் கலங்கடிக்காத பேச்சைக் கீதை 'அநுத்வேககரம்' என்கிறது. தமிழுக்கு வந்து சேர்ந்தபோது பதற்றம் போய் வேகம் மட்டும் மிஞ்சியது. இப்போது அதை யாரும் தவறு என்று சொல்ல முடியாது, வழக்காகிவிட்டது. என் காதுக்கு அது ஓட்டப் பந்தயத்துக்கும் தேர்தல் மேடைக்கும் ஏற்ற சொல். ஓவியத்துக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

எனக்குப் பிடித்தது 'தூண்டுதல்'. விளக்குத் திரியை மேலே இழுத்துவிடுவதற்குத் தூண்டுதல் என்று பெயர். தூண்டத் தேவையில்லாத விளக்கு தூண்டாமணி விளக்கு. எண்ணெயும் திரியும் தீயும் ஏற்கெனவே இருக்கின்றன, யாரோ திரியை நிமிண்டிவிடுகிறார்கள், வெளிச்சம் கூடுகிறது. வெளியிலிருந்து மூச்சை ஊதுவதைவிட, படைப்பவருக்கு உள்ளே நடப்பதற்கு இது பொருத்தமான சொல். ஒரே சிக்கல், செய்தித்தாளில் 'குற்றத்துக்குத் தூண்டுதல்' என்று படித்துப் படித்து அதற்கு ஒரு காவல் நிலைய வாடை வந்துவிட்டது. 'அகத்தூண்டுதல்' என்று எழுதினால் வாடை போய்விடும்.

சரி, மனதுக்குள் நடப்பதற்குச் சொல் கிடைத்துவிட்டது. ஆனால் 'செட்டிநாடு இன்ஸ்பயர்டு' என்று அட்டையில் போடுகிறவர் தன் மனதுக்குள் நடந்ததைச் சொல்லவில்லை. எங்கிருந்து எடுத்தார் என்பதைச் சொல்கிறார், அல்லது சொல்லாமல் நழுவுகிறார். 'தூண்டுதல்' இந்த இரண்டாவது பொருளைத் தாங்காது. 'ஆத்தங்குடியால் தூண்டப்பட்ட தலையணை உறை' என்று எழுதிப் பாருங்கள், தெரியும்.

இந்த இடத்தில் பட்டறைப் பேச்சு உதவும். ஆத்தங்குடியில் கல் போடும் இடத்துக்கு யாராவது போனில் ஒரு படத்தைக் காட்டி, 'அண்ணே, இது மாதிரி வேணும்' என்று கேட்டால், வரும் பதில் கேள்வி இப்படித்தான் இருக்கும்: 'இது மாதிரியா தம்பி, இதே மாதிரியா?' ஓர் ஏகாரத்தில் காப்பிக்கும் இன்ஸ்பிரேஷனுக்கும் கோடு கிழித்தாகிவிட்டது. இதே மாதிரி என்றால் அந்தப் படத்துக்கு ஏற்ற தகர அச்சு வேண்டும். இது மாதிரி என்றால் இருக்கிற அச்சில் நிறத்தை மாற்றலாம், இரண்டு பூக்களைச் சேர்க்கலாம், கரையை வேறு கல்லிலிருந்து எடுக்கலாம்.

பேச்சில் இருக்கும் இந்தக் கோட்டை இலக்கணமும் போட்டிருக்கிறது. நூல் வகைகளைச் சொல்லும்போது நன்னூல், 'முன்னோர் நூலின் முடிபொருங்கு ஒத்துப் பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி' அழியாத மரபோடு வருவதை வழிநூல் என்கிறது. முன்னவர் செய்ததன் முடிவோடு ஒத்துப்போக வேண்டும், பின்னவர் தனக்கு வேண்டிய மாற்றத்தையும் செய்ய வேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் வழிநூல் ஆகாது. அடுத்த சூத்திரம் இன்னும் சுவையானது: முதல்நூல், வழிநூல் இரண்டோடும் 'ஒருசிறை' மட்டும் ஒத்து, மற்றபடி வேறாக இருப்பது புடைநூல். ஒருசிறை என்றால் ஒரு பக்கம், ஒரு மூலை. பின்டரெஸ்டில் நூறு படங்களைச் சேர்த்து மூட்போர்டு போட்டு, இதிலிருந்து ஒரு நிறம், அதிலிருந்து ஒரு வளைவு என்று எடுத்துச் செய்கிறார்களே, அது புடை. ஒரு குறிப்பிட்ட வீட்டின் முகப்பையோ ஒரு குறிப்பிட்ட சேலையையோ முன்னால் வைத்துக்கொண்டு அதைத் தன் போக்கில் திருப்பிச் செய்தால், அது வழி.

ஆத்தங்குடிக் கல்லே ஒரு வழிவடிவம்தான். கடல் கடந்து வியாபாரம் செய்த செட்டிநாட்டு நகரத்தார் பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் கொண்டுவந்ததோடு, ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஓடுகளையும் கொண்டுவந்து வீட்டின் வளவு, பட்டாலை போன்ற பகுதிகளில் பதித்தார்கள். அந்தப் பூ வேலைகளின் சாயல் உள்ளூர்க் கல்லில் தெரிகிறது. செய்முறைதான் வேறு. ஐரோப்பாவில் சிமெண்ட் ஓட்டை எந்திரத்தில் அழுத்தி எடுப்பார்கள். இங்கே ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, அதற்குள் அறை அறையாகப் பிரித்த அச்சை இறக்கி, ஒவ்வோர் அறைக்கும் ஒரு நிறக் கலவையைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். பிறகு அச்சைத் தூக்குகிறார்கள். கை கொஞ்சம் நடுங்கினாலும் சிவப்பு மஞ்சளுக்குள் போய்விடும். நிதானமாகத் தூக்கினால் நிறங்கள் தோளோடு தோள் நிற்கும், கலக்காது. மேலே காய்ந்த சிமெண்ட்டும் மணலும் தூவி ஈரத்தை உறிஞ்சவிட்டு, சாந்து போட்டு மட்டப்படுத்தி, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சூளை கிடையாது, எந்திரமும் கிடையாது. கண்ணாடியை ஒட்டியிருந்த முகத்துக்கு அதன் வழவழப்பு வந்துவிடுகிறது. பூ வெளியிலிருந்து வந்திருக்கலாம், கண்ணாடியும் கையும் ஊர்மண்ணும் சேர்ந்ததுதான் விகற்பம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இன்னொரு வகை வழிவடிவம் உண்டு. 1894-இல் தொடங்கிய, ஓவியர் ரவி வர்மாவின் அச்சகத்தின் லட்சுமி, சரஸ்வதி படங்கள் வீட்டுக்கு வீடு ஒரே அச்சு. செட்டிநாட்டில் சில படங்களுக்குத் துணி ஒட்டி, ஜரிகையும் ஜிகினாவும் தைத்துச் சேலை உடுத்தியிருப்பார்கள். முகமும் கையும் அச்சகத்துடையவை, சேலை வீட்டுடையது. இப்போது கொலாஜ் செய்யும் இளம் ஓவியர்கள் இந்தப் படங்களின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பது நல்லது என்பேன். செட்டிநாடு என்றதும் தூணையும் கதவையும் மட்டுமே வரைந்து தள்ளுகிறார்கள்.

மேற்கத்திய ஓவியத்திலும் வழிக்கு ஒரு முறை இருக்கிறது. வான்கோ 1887-இல் பாரிஸில் இருந்தபோது, ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் இரண்டு மர அச்சுப் படங்களை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார்: பூத்த பிளம் மரம் ஒன்று, மழையில் பாலம் ஒன்று. நிறத்தைக் கூட்டினார், சுற்றிலும் ஜப்பானிய எழுத்துகளால் கரை கட்டினார். அருங்காட்சியகத்தில் அவற்றின் பெயருக்குப் பின்னால் 'ஹிரோஷிகேயின் வழி' என்ற பொருளில் ஒரு குறிப்பு சேர்ந்தே இருக்கும். பிரெஞ்சில் அதை 'தாப்ரே' என்பார்கள். மூலத்தைச் சொன்னதால் வான்கோ குறைந்துபோகவில்லை.

ஆகவே என் பரிந்துரை: 'இன்ஸ்பயர்டு பை' என்று வரும் இடத்தில் 'வழி' என்று எழுதலாம், எதன் வழி என்பதையும் கூடவே எழுதலாம். 'கானாடுகாத்தான் வீட்டு முகப்பின் வழி, டிஜிட்டல் ஓவியம்.' 'கண்டாங்கிக் கட்டத்தின் வழி, சுவரொட்டி.' கண்டாங்கி விஷயத்தில் இது வெறும் மரியாதை மட்டும் அல்ல. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை 2019-இல் புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. வேறெங்கோ பாலியெஸ்டரில் கட்டத்தை அச்சடித்துவிட்டு அதைக் கண்டாங்கிச் சேலை என்றே விற்றால் சட்டப்படியே சிக்கல். கண்டாங்கியின் வழி என்றால், இது கண்டாங்கி இல்லை என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது.

மிச்சம் இருப்பது ஆளைச் சொல்லும் இன்ஸ்பிரேஷன். 'எனக்கு அவர்தான் இன்ஸ்பிரேஷன்' என்பதற்கு 'ஆதர்சம்' என்று பழைய எழுத்தாளர்கள் எழுதினார்கள். அதற்குச் சமஸ்கிருதத்தில் கண்ணாடி என்றும் பொருள் உண்டு. இன்று 'முன்மாதிரி' போதும். 'இன்ஸ்பயரிங் ஸ்டோரி' என்று தினமும் வாட்ஸ்அப்பில் வருபவற்றுக்கு 'ஊக்கம் தரும் கதை' என்றாலே தாராளம்.