சத்தம் குறைந்த நோம்பி: ஆட்டிசக் குழந்தைக்குப் பண்டிகை ஏன் கனக்கிறது

வெடி ஒன்று வெடித்து ஓயச் சில மில்லி விநாடிகள்தான் ஆகும். பலத்த ஒலி வந்தால் நடுச்செவியில் ஒரு சிறு தசை இறுகிக் காதைக் காக்கும். ஆனால் அது இறுகுவதற்குள் வெடிச்சத்தம் உள்ளே போய்விடுகிறது. இதுவரை எல்லாருக்கும் ஒன்றுதான். முதல் வெடிக்குத் திடுக்கிடும் மூளை, பத்தாவது வெடிக்குள் 'தெரிந்த சத்தம்தான்' என்று பெரும்பாலும் அடங்கிவிடும். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கு இப்படிப் பழகுவது மெதுவாகவே நடக்கிறது. அவர்களுக்குப் பத்தாவதும் முதல் வெடிதான். இதை அடம் என்று அதட்டுவதால் பயனில்லை. ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை, ஆட்டிசத்தைக் கண்டறியும் அடையாளங்களுள் ஒன்றாக அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடே சேர்த்திருக்கிறது.

வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபெல் என்பது இந்தியாவில் சட்டம் வைத்த வரம்பு. திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் சுமார் 6 டெசிபெல் குறையும்: 8 மீட்டரில் 119, 16-ல் 113, 32-ல் 107. இருபுறமும் சுவர் நெருங்கிய சந்தில் எதிரொலியால் இவ்வளவு குறையாது. சன்னல் சாத்திய உள்ளறை ஒரு 20 டெசிபெலைக் குறைக்கும். காதை முழுக்க மூடும் செவிக்கவசம் இன்னொரு 20. ஆக 107 என்பது 67-க்கு இறங்கும், கொஞ்சம் உரக்கப் பேசும் அளவு. தோராயக் கணக்குதான், ஆனால் எந்த அறை, எத்தனை மணிக்கு என்று முடிவெடுக்க இது போதும். தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளில் வெடிக்க அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. ஊர் அதை முழுதாக மதிப்பதில்லை என்பது வேறு கதை. ஈரோடு அருகே வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பறவைகளுக்காகவே வெடியில்லாமல் தீபாவளி நடக்கிறது. அந்தப் பக்கம் சொந்தம் இருந்தால் நோம்பியை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

செவிக்கவசத்தை அன்றைக்குத்தான் முதலில் மாட்டினால் பிள்ளை பிடுங்கி எறிவான். மூன்று வாரம் முன்பே, பிடித்த விளையாட்டின்போது இரண்டு நிமிடம், பிறகு ஐந்து என்று பழக்க வேண்டும். கூந்தலோ கண்ணாடிக் காம்போ இடையில் சிக்கினால் இடைவெளி வழியே ஒலி புகும். நாள் முழுக்க மாட்டியே வைப்பதும் தவறு: காது அமைதிக்குப் பழகிச் சின்னச் சத்தமும் உறுத்தத் தொடங்கும். தப்பட்டை, உருமி போன்ற மேளங்களின் தாழ்ந்த ஒலியைக் கவசம் அவ்வளவாகத் தடுக்காது, நெஞ்சிலேயே அதிரும். மாரியம்மன் கோயிலில் கம்பத்தைச் சுற்றி மேளத்தோடு ஆடும் கம்பத்தாட்டத்துக்கு விலகி நிற்பது தவிர வழியில்லை.

சத்தத்தின் அளவைவிட, அது எப்போது வரும் என்று தெரியாததுதான் அதிகம் வதைக்கும். மிக்சி ஓடினால் காதைப் பொத்தும் பிள்ளை, பொத்தானைத் தானே அழுத்தினால் பல வேளை சும்மா இருப்பதைக் காணலாம். தொடக்கமும் முடிவும் தன் கையில் இருக்கிறது அல்லவா. பட்டிப் பொங்கலில் தட்டைத் தட்டிக்கொண்டு "பட்டி பெருக, பால் பானை பொங்க" என்று சுற்றும்போது, தட்டையும் குச்சியையும் அவனிடமே கொடுத்துப் பாருங்கள். மூன்று சுற்று, மூன்றோடு நிறுத்தம். மற்றவர் வாயால் சொன்னால் போதும்.

ஆண்டுதோறும் அதே வரிசையில் அதையே செய்வதுதான் சடங்கு. மாறாத வரிசையை விரும்பும் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமானது எது? காப்புக்கட்டு இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. தைப்பொங்கலுக்கு முந்தின நாள் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் தனித்தனிக் குவியலாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு கொத்து எடுத்து, நூலால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டாக்க வேண்டும். தலைவாசல், சமையலறை, மாட்டுக் கொட்டகை, கிணற்று மேடு, தோட்டம் என்று ஐந்து இடம், ஐந்து கட்டு. அந்த ஐந்து இடங்களையும் செல்போனில் படமெடுத்து அச்சிட்டு அட்டையில் ஒட்டுங்கள். கட்டி முடித்த இடத்தின் படத்தை அவனே கழற்றி 'முடிந்தது' டப்பாவில் போடட்டும். ஒரு வாரம் முன்பிருந்தே அட்டையைக் காட்ட வேண்டும். எட்டுப் படத்துக்கு மேல் போனால் பார்ப்பதை விட்டுவிடுவான். 'மாற்றம்' என்று ஒரு வெற்று அட்டையும் வேண்டும். மழை வந்தால் அதைத்தான் மாட்ட வேண்டியிருக்கும். பூளைப்பூவின் பஞ்சு சிலருக்குக் கூசும். அதைப் பெரியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

எண்ணெய்க் குளியலை விடியலில் வைக்காமல், வழக்கமாகக் குளிக்கும் நேரத்திலேயே வையுங்கள். மெல்ல வருடுவதைவிட உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பதைப் பலர் தாங்குவார்கள். தலைக்குத் தேய்க்கும் அரப்புத் தூளைச் சலித்து, குழைத்து, பின்பக்கமிருந்து தேய்த்தால் நறநறப்பும் கண்ணெரிச்சலும் குறையும். புதுத்துணியை இரண்டு மூன்று முறை துவைத்துக் கஞ்சியை எடுத்து, கழுத்துப்பட்டைச் சீட்டை வெட்டிவிடுங்கள். இலையில் பொங்கலோடு அன்றாடம் தின்னும் தயிர்ச்சோறும் இருக்கட்டும்.

ஒரம்பரைக்கு, அதாவது வீட்டுக்கு வரும் உறவினருக்கு, முன்பே சொல்லிவிட வேண்டும்: கன்னத்தைக் கிள்ள வேண்டாம், ஒரே நேரத்தில் இரண்டு பேர், அரை மணி நேரம். அம்மாயிக்கு மனத்தாங்கல் வரும்தான். வெல்லத்தைத் தட்டிப் போடும் வேலையை அவரும் பேரனும் சேர்ந்து செய்யட்டும்.

இவ்வளவு செய்தும் குழந்தை உடைந்து அழுதால் கேள்வி கேட்காதீர்கள், சமாதானப் பேச்சும் வேண்டாம். விளக்கைக் குறைத்து, ஒருவர் மட்டும் கூட இருந்தால் போதும்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலர் நீரால் ஈர்க்கப்படுவார்கள், சொல்லாமல் நழுவவும் செய்வார்கள். தோட்டத்து வீடு என்றால் கிணறும் வாய்க்காலும் பக்கத்தில்தான். வீடு நிறைய ஆள் இருக்கும் நாளில்தான், 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று எல்லாரும் விட்டுவிடுவது நடக்கும். அரை மணிக்கு ஒருவர் என்று முறை வைத்து, பெயரைச் சொல்லிக் கைமாற்றுங்கள். கையில் ஒரு சிவப்புக் கயிறு, கயிறு யாரிடமோ பொறுப்பு அவரிடம். காணவில்லை என்றால் அறைகளைத் தேடும் முன் ஓடிப் பார்க்க வேண்டியது நீர் இருக்கும் பக்கம்.