பி, டி-யைத் திருப்பிப் போட்டால் டிஸ்லெக்ஸியாவா?

ஒரு அம்மா கேட்டிருந்தார்: மகன் இரண்டாம் வகுப்பு, இங்கிலீஷ் நோட்டில் சின்ன பி-யை (b) டி-யாகத் (d) திருப்பிப் போடுகிறான், இது டிஸ்லெக்ஸியாவா, அதாவது எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் கற்றல் குறைபாடா?

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எழுதப் பழகும் வயதில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் இப்படித் திருப்பிப் போடும். அது மூளையின் பழைய கெட்டிக்காரத்தனம். இடப்பக்கம் பார்த்து நின்றாலும் வலப்பக்கம் பார்த்து நின்றாலும் மாடு மாடுதானே? எழுத்து வந்து ஐயாயிரத்துச் சொச்சம் வருஷம்தான் ஆகிறது, அதற்கென்று மூளையில் தனி இடம் கிடையாது. முகம், பொருள் எல்லாம் அடையாளம் காணும் பகுதியில் ஒரு மூலையைத்தான் எழுத்து பிடித்துக்கொள்கிறது என்கிறார் பிரெஞ்சு ஆய்வாளர் ஸ்டானிஸ்லாஸ் டிஹேன். அந்த மூலைக்கு மாட்டு விதிதான் தெரியும். திருப்பினால் வேறு எழுத்து என்பதை அது புதிதாகக் கற்க வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு இங்கே வருகிறது. எரிக் பெடர்சன் என்பவர் தமிழர்களிடம் கோட்டுப் படங்களைக் காட்டி, 'இந்தச் சின்ன வடிவம் அந்தப் பெரிய படத்துக்குள் இருக்கிறதா?' என்று கேட்டார். உள்ளே இருந்தது சில சமயம் அதன் கண்ணாடிப் பிம்பம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் 'இருக்கு' என்றார்கள். தமிழ் மட்டும் படித்தவர்களும் பெரும்பாலும் அப்படித்தான்! இங்கிலீஷ் எழுத்தும் தெரிந்தவர்கள்தான் வித்தியாசம் பார்த்தார்கள். காரணம் எளிது: திருப்பினால் இன்னொன்றாகிவிடும் எழுத்து ஜோடி தமிழில் இல்லை. 2003-இல் வெளியானது.

சரி, டிஸ்லெக்ஸியா எங்கே? பெரும்பாலும் கண்ணில் இல்லை, ஒலியில். 'மரம்' என்பதில் 'ம'வை எடுத்தால் மிச்சம் என்ன? மற்ற பிள்ளைகள் 'ரம்' என்று சிரிக்கும்போது இந்தப் பிள்ளை திணறும், எழுத்தையும் ஒலியையும் கோக்கவே நேரம் பிடிக்கும். புத்திசாலித்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தாயத்துக்கும் வசம்புக்கும் சுத்தமாக இல்லை. ஒலி ஒலியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை செய்கிறது. ஆனால் உலகத்து ஆய்வில் பெரும்பங்கு இங்கிலீஷ் படிக்கும் பிள்ளைகளை வைத்தே நடந்திருக்கிறது. தமிழுக்கும் கொஞ்சம் காசு ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

2016-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது. அதற்கு வெகு முன்பே பள்ளியை முடித்தவர்களுக்கும் இது போய்விடவில்லை. பிழை குறைந்திருக்கும், வேகம் வந்திருக்காது. பேங்க்கில் "கண்ணாடி எடுத்துட்டு வரலைப்பா, நீயே ஃபில்லப் பண்ணிக்கொடு" என்று சலானை நீட்டுகிறவர்களில் சிலருக்கு, கண் நன்றாகவே தெரியும்.