இரண்டு கோப்பும் சந்திக்காமலே வித்தியாசம் தெரிவது எப்படி?

வாசகர் ஒருவரின் கேள்வி: “என் கணினியில் உள்ள 100 எம்பி கோப்பின் பழைய பிரதி செர்வரில் இருக்கிறது. இங்கே நடுவில் ஒரு வரி சேர்த்துவிட்டு கோப்புகளைப் பிரதியெடுத்து ஒத்திசைக்கும் ஆர்சிங்க் நிரலை ஓட்டினால் முழுக் கோப்பும் போவதில்லை, கொஞ்சம்தான் போகிறது. பழையது அங்கே, புதியது இங்கே. பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எது மாறியது என்று அதற்கு எப்படித் தெரிகிறது?”

முதல் படி எளிது. கோப்பின் அளவும் கடைசியாக மாற்றிய நேரமும் இரு பக்கமும் ஒன்றாக இருந்தால், ஆர்சிங்க் அதைத் திறந்துகூடப் பார்க்காது. வேறுபட்டால்தான் வேலை தொடங்கும்.

செர்வர் தன் பழைய கோப்பைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டுகிறது. துண்டின் அளவு, கோப்பு அளவின் வர்க்கமூலத்தை ஒட்டியது. 100 எம்பி என்றால் சுமார் 10,000 பைட் வீதம் 10,000 துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கையொப்பங்கள்: 4 பைட்டில் ஒரு மலிவான கூட்டல், அதிகபட்சம் 16 பைட்டில் ஒரு வலுவான ஹாஷ், அதாவது துண்டின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண். எல்லாம் சேர்ந்தாலும் 200 கேபியைத் தாண்டாது. அந்தப் பட்டியல் உங்கள் கணினிக்கு வருகிறது.

புதிய கோப்பையும் அதேபோல வெட்டி ஒப்பிட்டால் போதாதா? போதாது. தொடக்கத்தில் ஒரே ஓர் எழுத்து நுழைந்தாலும் அதற்குப் பின் எல்லாத் துண்டுகளும் நகர்ந்துவிடும், ஒன்றும் பொருந்தாது. ஆகவே புதிய கோப்பில் ஒவ்வொரு பைட்டிலிருந்தும் தொடங்கித் தேட வேண்டும். பத்துக் கோடி இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் 10,000 பைட். நேராகக் கணக்கிட்டால் விடியாது.

இங்கேதான் அந்த மலிவான கூட்டலின் அழகான தந்திரம். அது இரண்டு எண்களால் ஆனது. துண்டின் நீளம் 4 என்று வைத்துக்கொள்வோம். பைட்டுகள் 3, 5, 2, 7. முதல் எண் வெறும் கூட்டல்: 17. ஆனால் 7, 2, 5, 3 என்று திருப்பிப் போட்டாலும் 17தான் வரும். அதனால் இடத்துக்கு ஏற்ற எடையோடு இன்னொரு கூட்டல்: 4×3 + 3×5 + 2×2 + 1×7 = 38. திருப்பிப் போட்டால் இது 47 ஆகிவிடும், குட்டு வெளிப்பட்டுவிடும். இப்போது ஒரு பைட் நகர்வோம்: 3 வெளியே, 4 உள்ளே. முதல் எண் 17 − 3 + 4 = 18. இரண்டாவது எண்ணில் வெளியேறிய 3இன் பங்கைக் கழித்து, புதிய முதல் எண்ணைக் கூட்டினால் போதும்: 38 − 4×3 + 18 = 44. 5, 2, 7, 4 ஐ முதலிலிருந்து கூட்டிப் பாருங்கள்: 20 + 6 + 14 + 4, அதே 44. துண்டு 4 பைட்டோ 10,000 பைட்டோ, ஒரு நகர்வுக்கு இந்தச் சின்னக் கணக்கு போதும். மற்ற பைட்டுகளைத் தொடவே வேண்டாம்!

மலிவான கையொப்பம் பட்டியலில் உள்ள ஏதாவதொன்றோடு பொருந்தினால் மட்டுமே வலுவான ஹாஷ் கணக்கிடப்படும். அதுவும் பொருந்தினால் “உன்னிடம் உள்ள 412ஆம் துண்டை இங்கே வை” என்ற குறிப்பு மட்டும் செர்வருக்குப் போகும். பொருந்தாத பைட்டுகள் அப்படியே போகும். செர்வர் இவற்றைக் கொண்டு தற்காலிகக் கோப்பொன்றைக் கட்டி, முழுக் கோப்பின் ஹாஷையும் சரிபார்த்துப் பெயரை மாற்றிவைக்கும். வட்டில் இன்னொரு 100 எம்பி காலி இல்லையென்றால் தோற்பது இந்த இடத்தில்தான்.

1996இல் இதை உருவாக்கியவர்கள் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மக்கராஸ். ட்ரிட்ஜெலின் முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் இது இடம்பெற்றது. மென்பொருளோ யாரும் எடுத்தாளும்படி இலவசமாக வெளிவந்தது. கட்டுரை எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிதி ஒதுக்குபவர்கள் இந்த மாதிரி வேலைக்கு என்ன மதிப்பெண் போடுவார்கள் என்பது என் சந்தேகம்.

தந்திரம் பலிக்காத இடங்களும் உண்டு. சுருக்கிய அல்லது மறையாக்கம் செய்த கோப்பில் ஓர் எழுத்து மாறினால், அதற்குப் பின்னுள்ள பைட்டுகள் பெரும்பாலும் மாறிவிடும். பொருந்தத் துண்டே கிடைக்காது. டேட்டாபேஸ் டம்ப்பை, அதாவது தரவுத்தளம் முழுவதையும் கொட்டி எடுத்த கோப்பை, சுருக்காமல் அனுப்புவது நல்லது. வழியில் சுருக்க ஆர்சிங்க்கிலேயே வசதி உண்டு. கோப்பு மாற்றிய நேரத்தையும் அப்படியே பிரதியில் காக்கும் ‘-ஏ’ என்ற கட்டளைக் குறி இல்லாமல் ஓட்டினால், அடுத்த முறை எல்லாக் கோப்பும் மாறியதாகவே தெரியும். பென் டிரைவின் ஃபேட் அமைப்பு நேரத்தை 2 விநாடிக்கு ஒருமுறைதான் குறிக்கும் என்பதால் அங்கேயும் இதே குழப்பம். ஒரு விநாடி வித்தியாசத்தைப் பொறுக்கச் சொல்லும் ‘மாடிஃபை-விண்டோ’ என்ற குறி அதற்கு மருந்து.

ஆபத்தானது சாய்கோடு. ‘படங்கள்’ என்று கொடுத்தால் அந்த ஃபோல்டரே செர்வரின் ‘சேமிப்பு’க்குள் போய் உட்காரும். ‘படங்கள்/’ என்றால் உள்ளே இருப்பவை மட்டும் ‘சேமிப்பு’க்குள் கொட்டப்படும். இந்த இரண்டாவதோடு ‘டெலிட்’ குறியும் சேர்ந்தால், படங்களில் இல்லாத எதுவும் ‘சேமிப்பு’க்குள் மிஞ்சாது, அங்கே பத்திரங்கள் ஃபோல்டர் இருந்தால் அதுவும் காலி. ஆயுத பூஜைக்குச் செர்வருக்குப் பொட்டு வைப்பவர்கள் வைக்கட்டும், ஆனால் ‘டெலிட்’ போடும் முன் ‘-என்’ சேர்த்து ஒருமுறை ஓட்டுங்கள். எதையும் தொடாமல், எவையெல்லாம் அழியப்போகின்றன என்ற பட்டியலை மட்டும் காட்டும். அதற்கு ‘-வி’யும் கூடவே வேண்டும், இல்லையென்றால் திரையில் ஒன்றும் வராது.