இரண்டு மரபணு இருந்தும் பருத்திக் காயில் புழு ஏன்?

"ரெண்டு மரபணு வச்ச பிஜி-2ன்னுதானே சார் கொடுத்தாங்க, காயைப் பிளந்தா புழு நெளியுதே?" பயிர்ப் பாதுகாப்பு ஆலோசனைக்கு வரும் பருத்தி விவசாயிகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். போலி விதை என்று முடிவுகட்டிவிட்டே பலரும் கேட்கிறார்கள். அசல் விதையிலும் இந்த இளஞ்சிவப்புக் காய்ப்புழு வரும்.

பி.டி. பருத்தி என்பது, புழுவைக் கொல்லும் நச்சுப்புரதத்துக்கான பாக்டீரியா மரபணுவை ஏற்றிய பருத்தி. 2002-ல் இந்தியாவுக்கு வந்ததில் கிரை1ஏசி என்ற ஒரே நச்சுப்புரத மரபணுதான். 2006-ல் வந்த பிஜி-2-ல் (போல்கார்டு-2) கிரை2ஏபி என்ற இன்னொன்றும் சேர்ந்தது. இரண்டு புரதங்களும் புழுவின் குடலில் வெவ்வேறு இடங்களில் ஒட்டுபவை. ஒன்றைத் தாங்கும் புழு பத்தாயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் சேர்த்துத் தாங்குவது பத்துக் கோடியில் ஒன்றுதான். பல மரபணுக்களை ஒரே செடியில் ஏற்றுவதன் பலமே இந்தக் கணக்குதான்.

இரண்டும் சேர்ந்தே புதிதாக வயலுக்கு வந்தால்தான் அது செல்லும். இங்கோ முதல் மரபணு சில ஆண்டுகள் தனியாக நின்றது. பிஜி-2 வந்த பிறகும் பழைய விதை விற்றது. குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு கிரை1ஏசியைத் தாங்குவது 2010-ல் உறுதியானது. அதன்பின் பெயருக்கு இரண்டு, வேலைக்கு ஒன்று. சில ஆண்டுகளில் அதுவும் போயிற்று.

பச்சைக் காய்ப்புழு துவரை, கொண்டைக்கடலையிலும் வளரும். நச்சைத் தாங்காத அந்துப்பூச்சிகள் (புழுவின் வளர்ந்த பருவம்) அங்கே பிழைத்து, தாங்கும் பூச்சிகளோடு இனச்சேர்க்கைக்கு வரும்; அதனால் தாங்கும் தன்மை பரவுவது தள்ளிப்போகும். இளஞ்சிவப்புப் புழுவுக்குப் பருத்தியை விட்டால் பெரிதாக வேறு போக்கிடம் இல்லை. அதற்காகத்தான் பி.டி. அல்லாத விதையைத் தனிப் பாக்கெட்டில் கொடுத்தார்கள். அதை ஓரவரிசையில் விதைத்தவர்கள் சொற்பம். போதாததற்கு நம்முடையவை வீரிய ஒட்டுகள்: ஒரே காய்க்குள் சில விதையில் இரண்டு நச்சு, சிலவற்றில் ஒன்று, சிலவற்றில் எதுவுமே இல்லை. விதையைத் தின்னும் இந்தப் புழுவில், ஒரு நச்சை மட்டும் தாங்குவதும் பிழைத்துக்கொள்கிறது.

அரிசோனாவில் பி.டி. அல்லாத பருத்தியை ஒழுங்காகப் பயிரிட்டு, பிறகு மலட்டு அந்துப்பூச்சிகளையும் பறக்கவிட்டார்கள். 2018-ல் அமெரிக்கப் பருத்தி வயல்களில் இந்தப் புழு ஒழிந்ததாக அறிவித்தார்கள்.

இப்போது செய்யக்கூடியது: ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். தொடர்ந்து மூன்று இரவு, ஒவ்வொரு இரவும் பொறிக்கு எட்டு அந்துப்பூச்சி விழுந்தால் மருந்து தெளிக்கும் நேரம். ரோஜாப்பூப் போலச் சுருண்ட பூக்களைப் பறித்து அழியுங்கள். அறுவடைக்குப் பின் செடியை மீண்டும் தழைக்க விடும் மறுதாம்பு வேண்டாம்; காய்ந்த செடியான பருத்திமாரை வயலோரம் குவிக்காதீர்கள். பிஜி-3, பிஜி-4 என்று காதோடு சொல்லி விற்கும் விதை அனுமதி பெறாதது. அதில் கூடுதலாக இருப்பது களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு. புழுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.