லிஃப்ட் போடும் முன் எடை போடுங்கள்

வண்டிக்கு லிஃப்ட் போட வேண்டும், அதாவது ஸ்பிரிங்கை மாற்றி வண்டியின் உயரத்தைக் கூட்ட வேண்டும் என்று வருகிறவர்களை நான் முதலில் எடை மேடைக்குத்தான் அனுப்புகிறேன். முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க ஓர் எடை, முழு வண்டியும் நிற்க ஓர் எடை. வெறும் வண்டியாக ஒரு தடவை, வழக்கமாக ஏற்றுகிற ஆட்களும் சுமையும் வைத்து இன்னொரு தடவை. சிலருக்கு இது பிடிப்பதில்லை. "எத்தனை இஞ்ச் ஏத்தலாம்னு மட்டும் சொல்லுங்கண்ணே, அதுக்கு எதுக்கு எடை?" என்பார்கள். எத்தனை இஞ்ச் என்பது இந்த வேலையில் கடைசியாக முடிவாக வேண்டியது. அதை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதையெல்லாம் அதற்கேற்ப இழுத்துக் கட்டுவதால்தான் பிரேக் சரியாகப் பிடிக்காத, ஸ்டீயரிங் நேராக நிற்காத வண்டிகள் இந்த மலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பூப்பாறைப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். போடியிலிருந்து மெட்டு (போடிமெட்டு மலைப்பாதை) ஏறி வரும் ஏலக்காட்டு ஜீப்புகள், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிப்போகும் ஜீப்புகள், மதுரையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வரும் புது மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி எல்லாம் இந்த வழியாகத்தான் போகின்றன. கொழுக்குமலை இருப்பது தேனி மாவட்டத்தில். ஜீப் போகும் பாதையோ இடுக்கிப் பக்கம் சூரியநெல்லியிலிருந்து. அந்தப் பாதையை ஒருமுறை பார்த்தவர்களுக்குத் தெரியும்: பெரிய பாறையைத் தாண்டும் உயரத்தைவிட, குழியில் ஒரு சக்கரம் இறங்கும்போது மற்ற மூன்றும் தரையை விடாமல் இருப்பதுதான் அங்கே முக்கியம். உயரம் வேறு, சக்கரம் ஏறி இறங்கும் தூரம் வேறு. லிஃப்ட் கிட் விற்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

எடை ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. ஏலக்காட்டு ஜீப்பில் பின்னால் எட்டுப் பேர் உட்காருகிறார்கள் என்று வையுங்கள். ஆளுக்கு 60 கிலோ என்றாலே 480 கிலோ. அதில் பெரும்பகுதி பின் அச்சின் மேல்தான் இறங்கும். கணக்குக்கு வசதியாக முழுவதும் அங்கே என்று எடுத்தால், பக்கத்துக்கு 240 கிலோ. 25 கிலோவுக்கு 10 மி.மீ. அமுங்கும் பிளேட் செட்டாக (அடுக்கிய இரும்புப் பட்டை ஸ்பிரிங்) இருந்தால் பின்பக்கம் 96 மி.மீ. இறங்கிவிடும். வெறும் வண்டியில் 50 மி.மீ. ஏற்றி அழகு பார்த்ததெல்லாம் ஆள் ஏறியவுடன் காணாமல் போய்விடும். சரி, கனமான ஸ்பிரிங் போடலாம் என்றால், ஆள் இல்லாமல் திரும்பும்போது பின்பக்கம் குதித்துக் குதித்து டயர் தரையை விட்டு எழும்பும். மழைக்காலத்தில், ஈர மண்ணில், வளைவில் அது நடந்தால் வண்டியின் பின்பகுதி வெளியே வீசிவிடும். ஆகவே ஸ்பிரிங் தேர்வு என்பது வண்டி பெரும்பாலான நேரம் என்ன எடையோடு ஓடுகிறது என்ற ஒரே கேள்வியில்தான் நிற்கிறது. வாரக் கடைசியில் இரண்டு பேர் போகிற தாருக்கும், தினமும் ஆளும் உரமூட்டையும் ஏற்றும் மஹிந்திரா மேஜர் ஜீப்புக்கும் ஒரே கிட் எப்படிப் பொருந்தும்?

எடை தெரிந்த பிறகு, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளக்கிறேன். பழைய ஜீப்புகளில் இந்த இடத்திலேயே பாதி விஷயம் முடிந்துவிடும். பிளேட் களைத்து, வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட உட்கார்ந்திருக்கும்; பிளேட் முனையிலுள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருக்கும். அந்த வண்டிக்குத் தேவை லிஃப்ட் அல்ல, கம்பெனி கொடுத்த பழைய உயரம். நல்ல பிளேட் செட், புது புஷ், புது ஷாக் அப்சார்பர் போட்டாலே தொலைந்துபோன உயரம் திரும்பிவிடும். செலவும் குறைவு, சட்டச் சிக்கலும் இல்லை.

அடுத்து, எது இடிக்கிறது என்று பார்க்க வேண்டும். வண்டிக்கு அடியில் படுத்து, கீறல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பின்னால் முழு அச்சு உள்ள வண்டிகளில் பெரும்பாலும் கீறல் இருப்பது, அச்சின் நடுவே பல்சக்கரங்கள் அடங்கிய டிஃபரன்ஷியல் உருண்டையில். ஸ்பிரிங்கை எத்தனை இஞ்ச் உயர்த்தினாலும் அந்த உருண்டை ஒரு மி.மீ.கூட மேலே போகாது. அது அச்சோடு இருக்கிறது, அச்சு சக்கரத்தோடு இருக்கிறது. அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும். ஜிம்னியில் வரும் 195/80 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 693 மி.மீ. அதை எடுத்துவிட்டு 235/75 ஆர்15 போட்டால் சுமார் 733 மி.மீ. விட்டத்தில் 40 மி.மீ. கூடினால், உருண்டைக்கு அடியில் கிடைப்பது 20 மி.மீ. அதற்கு விலையும் உண்டு. மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-க்கு மேல் ஓடும். மொத்த கியர் விகிதம் கிட்டத்தட்ட 6 சதவீதம் இளகிப்போவதால் ஏற்றத்தில் இழுவை குறையும், இறக்கத்தில் என்ஜின் பிடித்து நிறுத்தும் வலுவும் அதே அளவு குறையும். மெட்டு இறங்கும்போது பிரேக்கைக் காப்பாற்றுவது அந்த என்ஜின் பிடிதான்.

கீறல் வண்டியின் நடு வயிற்றில் இருந்தால் கதை வேறு. அங்கேதான் லிஃப்ட் உண்மையாகவே உதவும். 2020-இல் வந்த தாரில் கம்பெனியிலிருந்தே தரை இடைவெளி 226 மி.மீ., முன்பக்க ஏறுகோணம் 41.8 டிகிரி, ஆனால் நடு வயிறு தாண்டும் கோணம் 27 டிகிரி. முன்பக்கம் எளிதாக ஏறிய பாறையில் வயிறு உட்கார்ந்துவிடுவது அதனால்தான். அப்போதும் நான் முதலில் சொல்வது, அடியில் நல்ல கனத்தில் பாதுகாப்புத் தகடு போடுங்கள், டயரைச் சரிசெய்யுங்கள், அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் 40 முதல் 50 மி.மீ. வரை யோசிக்கலாம் என்பதே. அதற்கு மேல் கேட்பவர்களுக்கு நான் இங்கே செய்து தருவதில்லை.

பிளேட் ஜீப்பில் உயர்த்தும் முறைகளில் சில எனக்கு ஏற்புடையவை அல்ல. பிளேட்டின் முனையைச் சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) இணைக்கும் ஷாக்கிளை நீளமாகப் போடுவது மலிவு. 2 இஞ்ச் நீட்டினால் சுமார் 1 இஞ்ச் கிடைக்கும். ஆனால் அச்சு தன் இருப்பிலிருந்து சாய்ந்துவிடும். முன் அச்சில் கேஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் கோடு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவு) கெட்டு ஸ்டீயரிங் நேராக நிற்காமல் அலையும். அச்சுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைப்பதை முன் அச்சில் ஒருபோதும் செய்யாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது அச்சு முறுக்கிக்கொள்ளும்; கட்டை நெம்புகோலாகி, அச்சைப் பிளேட்டோடு கட்டும் யு போல்ட்டை இழுக்கும். பின்னாலும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டை அடுக்கக் கூடாது. சரியான வளைவில் செய்த முழு பிளேட் செட்டும், அதன் நீளத்துக்குப் பொருந்தும் ஷாக்கும் மட்டுமே முறையான வழி. காயில் ஸ்பிரிங் வண்டிக்குச் சுருளின் நடுவே திணிக்கும் ரப்பரும் இதே வகைதான். உயர்ந்ததுபோல் தெரியும், அந்த இடத்தில் சுருள் வேலை செய்யாமல் நின்று, மற்றச் சுருள்கள் கூடுதலாகத் திணறும்.

தார், ஸ்கார்ப்பியோ போல முன்னால் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் வண்டிகளில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் மேலும் கீழும் போகும் மொத்தத் தூரம் மாறுவதில்லை. நிற்கும் உயரத்தை 50 மி.மீ. ஏற்றினால், கீழே தொங்குவதற்கு இருந்த தூரத்தில் அதே 50 மி.மீ. போய்விட்டது. குழியில் சக்கரம் முன்பைவிடச் சீக்கிரம் அந்தரத்தில் நிற்கும். கூடவே, ஆக்சில் முனையில் இருக்கும் சி.வி. ஜாயிண்ட் எப்போதும் வளைந்த நிலையிலேயே சுற்றும். ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் ரப்பர் உறை கிழிந்துவிட்டது என்று அர்த்தம். சேறு உள்ளே போவதற்குள் மாற்றிவிடுங்கள். ஜிம்னியில் அச்சைக் குறுக்கே பிடிக்கும் ராடு உண்டு. வண்டி உயர்ந்தால் அது அச்சை ஒரு பக்கமாக இழுத்துவிடும். நீளம் மாற்றக்கூடிய ராடு இல்லாமல் அதில் கை வைக்கக் கூடாது.

இனி நான் சொல்லப்போவது, லிஃப்ட் போட்ட எந்த வண்டியைப் பார்த்தாலும் நான் முதலில் குனிந்து பார்க்கிற இடம். வேறோர் ஊரில் உயர்த்தப்பட்ட ஒரு ஜீப் மெட்டு ஏறி இறங்கும் வேலையில் இருந்தது. ஓட்டுகிற தம்பி வந்து, "அண்ணே, முன் பேடு சீக்கிரம் சீக்கிரமா தீயுது. பிரேக் புடிச்சா மூக்கு குத்துது" என்றார். பேடு மூன்றாம் முறை மாற்றியாகிவிட்டது. வேறு கம்பெனிப் பேடு கேட்டு வந்திருந்தார். ஓர் இறக்கம் ஓட்டிவிட்டு வரச் சொன்னேன். முன் சக்கரத்திடம் போனால் கருகல் நாற்றம், அனல். பின் டிரம்மில் உள்ளங்கையை வைத்தேன், வெதுவெதுப்புகூட இல்லை. அடியில் படுத்துப் பார்த்தால் காரணம் தெரிந்தது. பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பியும் அதன் முனையில் கைப்பிடி போட்ட ஒரு வால்வும் இருக்கும். பல ஜீப், பிக்கப் வகைகளில் உண்டு. பின்னால் சுமை ஏறிச் சேஸிஸ் அச்சை நெருங்கினால் அந்த வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். சுமை இறங்கிச் சேஸிஸ் உயர்ந்தால் குறைத்துவிடும். சும்மா ஓடும் வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்கக் கம்பெனி வைத்தது. லிஃப்ட் போட்டவர்கள் அந்தக் கம்பியைத் தொடவே இல்லை. வண்டி நிறைய ஆள் இருந்தும் அது காலி என்றே வால்வு நினைத்துக்கொண்டிருந்தது. எட்டுப் பேரோடு இறங்கும் ஜீப்பை முன் சக்கரம் இரண்டு மட்டும் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தன. கம்பியின் பிராக்கெட்டை உயர்த்திய அளவுக்கே மாற்றிவைத்து, சுமையோடும் சுமை இல்லாமலும் பிரேக் பிடித்துச் சோதித்த பிறகுதான் அனுப்பினேன். உங்கள் வண்டியை உயர்த்தியிருந்தால், இறங்கி வந்ததும் நான்கு சக்கரத்தின் சூட்டையும் கை கிட்டே கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாருங்கள். பின்பக்கம் எப்போதும் ஜில்லென்று இருந்தால் விடாதீர்கள்.

பிரேக் ஹோஸும் அப்படித்தான். சேஸிஸைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பார்க்க வேண்டும். ஹோஸ் விறைத்தால் நீளமானது மாற்ற வேண்டும். என்ஜின் வலுவை அச்சுக்குக் கொண்டுபோகும் பிராபெல்லர் ஷாஃப்ட்டின் இரண்டு முனை மூட்டும் (கிராஸ்) ஒரே கோணத்தில் இல்லாவிட்டால் வேகம் கூடும்போது வண்டி அதிரும். தொங்கும்போது, ஷாஃப்ட் நீளவும் குறையவும் உள்ளே வெளியே வழுக்கும் ஸ்லிப் யோக் எவ்வளவு வெளியே வருகிறது என்பதையும் அளந்துகொள்ளுங்கள். பெரிய டயர் மட்கார்டில் உரசினால், சக்கரம் மேலே ஏறுவதைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப்பை நீட்டுவதுதான் வழி, மட்கார்டை வெட்டுவது அல்ல.

வண்டி உயர்ந்தால் எடையின் மையமும் உயரும், அகலம் அப்படியே இருக்கும். தரையிலிருந்து 700 மி.மீ. உயரத்தில் மையம் இருந்த வண்டியில் அது 50 மி.மீ. ஏறினால், கவிழாமல் தாங்கும் விகிதம் கிட்டத்தட்ட 7 சதவீதம் குறையும். சிறியதாகத் தெரியலாம். அதன் மேல் கேரியர், கேரியரில் உபரி டயர், பின்னால் நின்றுகொண்டே வரும் ஆட்கள் என்று சேர்த்துப் பாருங்கள். ஏலக்காட்டுக்கு விடியும் முன்னே கிளம்புகிற பெண்கள் வண்டியின் உயரத்தைப் பற்றி யாரிடமும் கேட்கப்போவதில்லை. டிரைவரையும் முதலாளியையும் நம்பித்தான் ஏறுகிறார்கள். ஆள் ஏற்றும் ஜீப்புக்கு லிஃப்ட் வேண்டவே வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் அவர்கள்தான்.

சட்டத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்துவிட்டது. காப்பீட்டில் தெரிவிக்காத மாற்றம் விபத்துக்குப் பிறகு இழப்பீட்டில் தகராறைக் கொண்டுவரும். எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, சட்டம் ஒன்றுதான். ஆகவே வேலையைத் தொடங்கும் முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டு வாருங்கள். பதில் 'முடியாது' என்று வந்தால் டயர், தகடு, நல்ல ஷாக் இவற்றோடு நிறுத்திக்கொள்வோம்.

அனுமதியோடு வேலை நடந்தால், கடைசி முறுக்கை வண்டி தன் சொந்தக் காலில் தரையில் நிற்கும்போதுதான் கொடுக்க வேண்டும். தூக்கித் தொங்கவிட்ட நிலையில் ரப்பர் புஷ் போல்ட்டை முறுக்கிவிட்டால், இறக்கியதும் புஷ் திருகிக்கொண்டே இருந்து சில மாதத்தில் கிழிந்துவிடும். பழைய யு போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். முதல் 500 கிலோமீட்டருக்குள் எல்லா முறுக்கையும் மறுபடி பார்த்து, வீல் அலைன்மெண்ட்டைக் கேஸ்டரோடு சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான சுமையை ஏற்றிவைத்து ஹெட்லைட்டையும் கீழே இறக்கிச் சரிசெய்யுங்கள். மெட்டில் எதிரே ஏறி வருகிற டிரைவரின் கண்ணில் உங்கள் வெளிச்சம் விழக் கூடாது.