ஆடும் நாற்காலியும் டவல் துளையும்

சென்ற மாதம் பழுது பார்ப்பதற்காக என் பட்டறைக்கு வந்த ஒரு சாப்பாட்டு மேசை நாற்காலியைக் கழற்றினேன். வாங்கி மூன்று ஆண்டுகள்தான் ஆகின்றன என்றும், உட்கார்ந்தால் பின்கால் ஆடுகிறது என்றும் கொண்டுவந்தவர் சொன்னார். இருக்கைச் சட்டத்தைப் பிடித்து இரண்டு முறை அசைத்து இழுத்தவுடன் அது சத்தமே இல்லாமல் காலிலிருந்து விடுபட்டு வந்தது. சட்டத்தின் முனையில் டவல் (dowel) எனப்படும் இணைப்பு மரக்குச்சிகள் இரண்டு துருத்திக்கொண்டிருந்தன. காலுக்குள் இருந்த பாதியில் பசையின் தடமே இல்லை. குச்சி வாங்கிய நாளின் வெளிர் நிறத்திலேயே இருந்தது. காலில் உள்ள துளைக்குள் விளக்கடித்துப் பார்த்தபோது, அடியில் பசை ஒரு சிறு உருண்டையாகக் காய்ந்து கிடந்தது. துளையில் ஒரு சொட்டுப் பசையை விட்டுக் குச்சியை அடித்து இறக்கியிருக்கிறார்கள். துளையும் தேவைக்கு மேல் ஆழம். பசை அடிக்குப் போய்விட்டது, சுவரில் ஒட்டவில்லை. “ஒரு ஸ்க்ரூ போட்டு முறுக்கிவிடுங்கள், போதும்” என்றார் அவர். அது போதாது என்பதை அவருக்கு விளக்கியபோதுதான், இதை விரிவாக எழுதலாம் என்று தோன்றியது.

டவல் என்பது உருளையாகக் கடைந்த மரக்குச்சி. இணைக்க வேண்டிய இரு மரங்களிலும் எதிரெதிராகத் துளையிட்டு, இரண்டுக்கும் நடுவே வெளியில் தெரியாதபடி பசையுடன் இறக்குவது. நம் ஊர்க் கதவு, சன்னல் சட்டங்களில் கழுந்தை, அதாவது சட்டத்தின் முனையில் செதுக்கிய நாக்கை, துளைக்குள் செலுத்தி அதன் குறுக்கே அடிக்கும் மூங்கில் ஆணியோடு இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். மூங்கில் ஆணி ஏற்கெனவே பொருந்தி நிற்கும் கழுந்தைக் கழன்றுவிடாமல் பூட்டுகிறது. டவல் இணைப்பிலோ குச்சிதான் கழுந்து. சட்டத்தின் வெட்டுமுனையில், அதாவது குறுக்கே அறுத்த முனையில், இடும் துளை மரத்தின் நார் ஓட்டத்தோடு செல்வதால், குச்சியின் நாரும் துளைச் சுவரின் நாரும் ஒரே திசையில் அமைந்து பசை நன்றாகப் பிடிக்கிறது. காலில் இடும் துளை நாருக்குக் குறுக்கே செல்கிறது. அங்கே சுவரின் ஒரு பகுதி வெட்டுமுனை நாராகவே இருக்கும், பசை அதில் உறிஞ்சப்பட்டுவிடும். ஆடுகிற நாற்காலிகளில் பெரும்பாலும் கால் பக்கமே முதலில் விடுவதற்கு இதுவே காரணம்.

இனி ஜிக். துரப்பண முனை சாயாமல் நேராக இறங்குவதற்காக, கடினப்படுத்திய எஃகு புஷ்கள் (குழல் போன்ற வளையங்கள்) பொருத்திய ஒரு வழிகாட்டிக் கருவி அது. இரு தாடைகளும் சமமாக நெருங்கி மரத்தின் கனத்தில் நடுமையத்தைத் தானே பிடிக்கும் வகையும் உண்டு. ஒரு முகத்தில் அணைத்து வைத்துத் துளையிடும் வகையும் உண்டு. ஜிக் வாங்கிவிட்டால் இணைப்பு தானாகச் சரியாக வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் முதல் தவறு தொடங்குகிறது. நானும் அப்படி நம்பியவன்தான். ஒரு புத்தக அலமாரிக்குப் பதினாறு தட்டுகளைத் துளையிட்டு முடித்து, பசையில்லாமல் பொருத்திப் பார்த்தபோது ஏறத்தாழ பாதித் தட்டுகள் முன்சட்டத்தோடு சமமாகவும், மீதிப் பாதி அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் உள்வாங்கியும் நின்றன. ஜிக்கின் நடுமையம் 0.3 மி.மீ. விலகியிருந்தது. அதைத் தட்டில் ஒரு பக்கமாகவும் சட்டத்தில் மறுபக்கமாகவும் திருப்பி வைத்த இடங்களிலெல்லாம் அந்த விலகல் இரட்டிப்பாகி 0.6 ஆகிவிட்டது. திருப்பாமல் வைத்த இடங்களில் இரு மரங்களிலும் ஒரே பக்கமாக விலகியதால் பிழை கண்ணுக்கே தெரியவில்லை. எட்டு நூல் ஓர் அங்குலம் என்ற கணக்கில் பழகிய கைக்கு இந்த அளவுகள் சிரிப்பை வரவழைக்கும். அரை நூலே ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல். ஆனால் டவல் கால் மில்லிமீட்டர் விலகலையும் காட்டிக்கொடுத்துவிடும், அதைப் பின்னர் இழைப்புளியால்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

ஆகவே துளையிடுவதற்கு முன் ஒவ்வொரு மரத்திலும் முகப்பக்கம் எது என்று பென்சிலால் குறித்துவிட வேண்டும். ஜிக்கின் ஒரு தாடையில் அழியாத மையால் அம்புக்குறி ஒன்று போட்டு, அந்த அம்பு எப்போதும் முகப்பக்கத்தைப் பார்க்கும்படி வைத்தால் போதும், மலிவான ஜிக்கும் ஒழுங்காக வேலை செய்யும். தானாக மையம் பிடிக்கும் ஜிக்கில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 18 மி.மீ. என்று விற்கப்படும் பிளைவுட்டை வெர்னியர் அளவியில் அளந்தால் 17.4 என்றும் 17.6 என்றும் வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். கனம் வேறுபடும் இரு பலகைகளின் நடுமையங்களைச் சேர்த்தால் முகங்கள் சமமாக வராது. அத்தகைய பலகைகளுக்கு முகத்தை அணைத்து அளக்கும் ஜிக்கே ஏற்றது.

குச்சியின் விட்டம், மெல்லிய மரத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமலும் பாதியை மிஞ்சாமலும் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 18 மி.மீ. பலகைக்கு 8 மி.மீ. குச்சி பொருந்தும். ஓர் இணைப்புக்குக் குறைந்தது இரண்டு வேண்டும்; ஒன்று மட்டும் போட்டால் மரம் அதைச் சுற்றித் திரும்பும்.

துளையிடுவதற்கு நடுவில் கூர்முனையும் ஓரத்தில் வெட்டும் பற்களும் உள்ள, மரத்துக்கான பிட்டையே (துரப்பண முனையையே) பயன்படுத்த வேண்டும். இரும்புக்கான பிட் நாரைப் பின்தொடர்ந்து வழுக்கி ஓடும். பிட்டைப் புஷ்ஷுக்குள் நுழைத்த பிறகே மெஷினை இயக்க வேண்டும், சுழலும் முனை புஷ்ஷைச் சுரண்டிப் பெரிதாக்கிவிடாமலிருக்க. ஜிக்கைக் கையால் பிடித்துக்கொண்டு துளையிடுவதை நான் பட்டறையில் அனுமதிப்பதில்லை. பிட் ஒருமுறை சிக்கினால் ஜிக் விரல்களோடு சேர்ந்து திருகும். பாதுகாப்புக் கண்ணாடி அணிவதும் கட்டாயம். ஆழத்துக்குப் பிட்டின் மேல் மாஸ்கிங் டேப் சுற்றுவது வழக்கம். மூன்றாவது துளை முடிவதற்குள் அது மேலேறிவிடும் என்பது என் அனுபவம், பிட்டின் மேல் இறுக்கும் வளையமான ஸ்டாப் காலரே நம்பகமானது. காலரை அமைக்கும்போது பிட்டின் கூர்முனையைக் கணக்கில் சேர்க்க மறப்பவர்கள் அதிகம். 18 மி.மீ. பலகையின் முகத்தில் 12 மி.மீ. ஆழம் வெட்டும்போது, கூர்முனை இன்னும் இரண்டு அல்லது மூன்று மி.மீ. முன்னே போய்விட்டிருக்கும். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் காலரை நான்கு மில்லிமீட்டர் மேலே இறுக்கியதில், பாலிஷ் போட்டு முடித்த பலகை ஒன்றின் வெளிமுகத்தில் எறும்புக் கண் போல ஒரு வரிசைப் புள்ளிகள் எட்டிப் பார்த்தன. இரு துளைகளின் மொத்த ஆழம் குச்சியின் நீளத்தைவிட 2 மி.மீ. அதிகமாக இருந்தால் போதும், 30 மி.மீ. குச்சிக்கு முகத்தில் 12, விளிம்பில் 20.

குச்சியின் உடலில் நீளவாக்கில் வரிவரியாக இருக்கும் பள்ளங்கள் அழகுக்காக அல்ல. குச்சி இறங்கும்போது துளைக்குள் அடைபடும் காற்றும் மிகுதிப் பசையும் அவற்றின் வழியே வெளியேற வேண்டும். வழவழப்பான குச்சியைப் பசை நிரம்பிய துளையில் கொட்டாப்புளியால் அடித்தால், வெளியேற வழியில்லாத பசை பக்கவாட்டில் அழுத்தி மரத்தையே பிளந்துவிடும். வரிக்குச்சி கிடைக்காவிட்டால் ரம்பத்தின் பல்லால் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டுக்கொள்ளலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த டப்பாவில் கிடந்த குச்சிகள் துளைக்குள் இறங்க மறுக்கும். மரம் ஈரத்தில் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் உப்புவதில்லை. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் அதிகமாகவும் மையத்திலிருந்து வெளியே செல்லும் திசையில் குறைவாகவும் உப்பும். அதனால் வட்டக் குச்சி நீள்வட்டமாகிவிடும். உப்பிய குச்சிக்காகத் துளையைப் பெரிதாக்குவது, மூன்று ஆண்டு கழித்து ஆடப்போகும் நாற்காலியை இப்போதே செய்து வைப்பதற்குச் சமம், ஏனெனில் சித்திரையில் குச்சி சுருங்கிவிடும். மாறாக, குச்சிகளை வெயிலில் நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத பையில் போட்டு வைத்து, தேவைப்படும்போது எடுக்க வேண்டும். காய்ந்த குச்சி பசையின் ஈரத்தை உறிஞ்சி லேசாக உப்பித் துளையை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

பசையைச் சிறு தூரிகையாலோ ஒரு மெல்லிய குச்சியாலோ துளையின் சுவர் முழுவதும் தடவ வேண்டும். குச்சியில் மட்டும் பூசினால் இறங்கும்போது வாயிலேயே வழித்துவிடும். அதற்கும் முன், பசையில்லாமல் ஒருமுறை முழுவதையும் பொருத்தி, இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போட்டு, மூலைமட்டம் வைத்துப் பார்ப்பது அவசியம். வெள்ளைப் பசைக்கு ஒரு மணி நேரம் கிளாம்ப் இருக்கட்டும். ஒரு நாள் கழியும்வரை பாரம் ஏற்ற வேண்டாம்.

முற்றாகக் காயாத மரத்தில் அகலமான சட்டங்களுக்கு டவல் போடுவதை நான் தவிர்த்துவிடுகிறேன். கால் தன் நீளவாக்கில் சுருங்காது, சட்டமோ அகலவாக்கில் சுருங்கும். இரு குச்சிகளுக்கு நடுவே அது பிளந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

அந்த நாற்காலிக்கு வருகிறேன். பழைய பசையின் மேல் புதுப் பசை ஒட்டாது. ஸ்க்ரூவோ, காலின் குறுக்கு நாரைத் துளைத்துப் போய்ச் சட்டத்தின் வெட்டுமுனையில் பிடிப்பதால், ஆட ஆடத் தளர்ந்து தன் துளையையே பெரிதாக்கும். ஆகவே துருத்திய குச்சிகளைச் சட்டத்தோடு சமமாக அறுத்து, இரு பக்கத் துளைகளையும் ஜிக் வைத்து 8 மி.மீட்டரிலிருந்து 10 மி.மீட்டருக்குப் பெரிதாக்கினேன். சட்டத்தின் கனம் 22 மி.மீ. என்பதால் அதற்கு இடமிருந்தது. புது மரச்சுவர் கிடைத்தது, காய்ந்த 10 மி.மீ. குச்சிகள் இறங்கின. மற்ற ஐந்து நாற்காலிகளையும் கொண்டுவரும்படி அவரிடம் சொன்னேன். அவை இன்னும் ஆடவில்லையே என்றார். அடுத்த வாரம் இரண்டைக் கொண்டுவந்தார்.