‘ஸ்மார்ட் கார்’: திறனூர்தி என்போம்

இலங்கையில் 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியதிலிருந்து, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ‘ஸ்மார்ட் கார்’ என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. பெரிய திரை இருந்தாலே ஸ்மார்ட் என்கிறார்கள் சிலர். தானாக ஓடும் கார் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே சரியில்லை.

கமரா, ராடார், கணினி, இணைய இணைப்பு ஆகியவற்றைக் கொண்டு ஓட்டுநருக்கு உதவுகிற வாகனம்தான் ஸ்மார்ட் கார். முன்னே போகிற வாகனம் திடீரென நின்றால் அது தானே பிரேக் பிடிக்கும். வீதிக் கோட்டைத் தாண்டினால் எச்சரிக்கும். ஆனால் ஏ9 வீதியில் இருட்டில் படுத்திருக்கும் மாடுகளையும் வீதிக்கரையில் காயும் நெல்லையும் பார்த்து ஓட்டுவது இன்னும் ஓட்டுநரின் பொறுப்புத்தான்.

‘ஸ்மார்ட்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் சுரீரென வலித்தல் என்று பொருள். கூர்மை, சுறுசுறுப்பு, புத்திசாலித்தனம் எல்லாம் பின்னால் வந்தவை. ‘கார்’ என்பதன் மூலம் லத்தீனின் ‘கர்ருஸ்’, அதாவது சக்கர வண்டி. நம்முடைய கார்காலத்துக்கும் அதற்கும் உறவில்லை.

‘ஸ்மார்ட்’ என்ற பெயரிலேயே ஒரு குட்டிக் காரும் உண்டு. கைக்கடிகார நிறுவனமான சுவாட்ச்சும் மெர்சிடிஸும் 1994இல் கூட்டுச் சேர்ந்தன. 1998இல் கார் விற்பனைக்கு வந்தது. இரு நிறுவனங்களின் முதலெழுத்துகளோடு கலையைக் குறிக்கும் ‘ஆர்ட்’ சேர்ந்ததே அந்தப் பெயர். பொதுச்சொல்லான ஸ்மார்ட் காரோடு இதைக் குழப்ப வேண்டாம்.

யப்பானில் பாவித்து இங்கு வரும் கார்கள் பலவற்றின் திரையில் யப்பானிய எழுத்துத்தான் தெரியும். வரைபடமும் அந்த நாட்டுடையது. எஞ்சின் நன்றாக ஓடினாலும் திரை நமக்கு உதவாது. மென்பொருளின் முக்கியத்துவம் இதிலேயே விளங்கும். கார் நிறுவனங்களுக்கு எஞ்சினும் பிரேக்கும் விபத்துப் பாதுகாப்பும் அத்துப்படி. மென்பொருள், சிப், வரைபடம் எல்லாம் வேறு ஆட்களின் தொழில். அதனால்தான் 2007இல் ஃபோர்ட் மைக்ரோசொஃப்டுடன் சேர்ந்து, காரில் கைபேசியையும் பாட்டையும் பேச்சாலேயே இயக்கும் ‘சிங்க்’ அமைப்பைக் கொண்டுவந்தது. 2022இல் சோனியும் ஹொண்டாவும் சேர்ந்து ஒரு நிறுவனத்தையே தொடங்கின. சீனாவில் கைபேசி செய்யும் ஹுவாவே, செரஸ் என்ற கார் நிறுவனத்துடன் கைகோத்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘சூட்டிகை மகிழுந்து’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. சூட்டிகை என்றால் துடிப்பான பிள்ளைதான் நினைவுக்கு வருகிறது. வன்னியில் பாரவூர்தி என்ற சொல் நன்றாகவே பழகியிருக்கிறது. திறன்பேசியும் திறன் வகுப்பறையும் பாடசாலைப் பிள்ளைகளுக்கே தெரிந்த சொற்கள். அவற்றோடு ‘திறனூர்தி’யும் இயல்பாகச் சேர்ந்துகொள்ளும். ஊர்தி சங்க காலச் சொல். புறநானூற்றின் கடவுள் வாழ்த்திலேயே சிவனின் காளை ஊர்தியாக வருகிறது.

ஓட்டுநரே இல்லாமல் ஓடும் காருக்கு இந்தப் பெயரைக் கொடுக்கக் கூடாது. அதற்கு அதே நூலின் 27ஆம் பாட்டில் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ இருக்கிறது. வலவன் என்றால் ஓட்டுபவன். வானத்தை எடுத்துவிட்டு ‘வலவனில்லா ஊர்தி’ என்று எழுதலாம்.